ஐந்து ரகமும் ஒரே சாக்கில்

"டாமு மட்டும் தனியா வேணும். மாதம் 15 கிலோ கிடைக்குமா?"

2024 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபிஜித் தலைநகர் சுவாவில் கவா வேர் விற்கிற கடைக்காரர் ஒருவர் போனில் கேட்டார். டாமு என்பது கவாவில் ஒரு ரகம். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கிடைக்கும், கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அத்தைக்காகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"மாமா, டாமு எத்தனை செடி இருக்கு?"

"நிறைய இருக்கு மாப்பிள்ளை."

இந்த "நிறைய" என்பதை எண்ணாக மாற்ற எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

மாமா என்றால் மாமனார். ஃபிஜியின் வனுவா லேவு தீவில், சவுசவு ஊருக்கு மேலே இருக்கிற மலைச்சரிவில் அவருக்கு ஒரு சின்னக் கவாத் தோட்டம். அவருடைய தாத்தா கிர்மிட் ஒப்பந்தத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர். தென்னிந்தியர்களை இங்கே 1903-லிருந்து 1916 வரை ஏற்றி வந்தார்கள். மூன்றாம் தலைமுறையில் கரும்பு போய்க் கவா வந்திருக்கிறது. வீட்டில் ஃபிஜி இந்தியும் தமிழும் கலந்துதான் பேச்சு, அதைத் தமிழாக்கி எழுதியிருக்கிறேன். நான் சோழவந்தான் பக்கத்துக்காரன். சுவாவில் கணக்கு எழுதும் வேலை. ஊரில் தாத்தாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதனால்தானோ என்னவோ, மாமா தோட்டத்துக்கு முதல்முறை போனபோதே செடி தெரிந்த முகமாக இருந்தது. கவாவும் மிளகும் வெற்றிலையும் ஒரே குடும்பம். கவா இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்தால் கொஞ்சம் பெரிய வெற்றிலை என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். ஆனால் இது கொடி இல்லை. கணுக்கணுவாகத் தண்டு விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் புதராக நிற்கும். இலைக்கும் தண்டுக்கும் பெரிய மதிப்பில்லை, வேருக்குத்தான் விலை. வேரைக் காயவைத்து இடித்துத் தண்ணீரில் பிசைந்து குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், பேச்சு மெதுவாகும். ஃபிஜியில் அதற்கு யங்கோனா என்று பெயர். நம் ஆட்கள் 'கிராக்' என்பார்கள்.

வெற்றிலையைப் போலவே கவாவிலும் ரகம் உண்டு. கொடிக்காலில் கற்பூரி, பச்சைக்கொடி என்று பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும், வியாபாரியும் பெயர் சொல்லித்தான் கேட்பார். மாமா தோட்டத்தில் அப்படி இல்லை. ஐந்து ரகம் கலந்து நடப்பட்டு, கலந்தே தோண்டப்பட்டு, ஒரே தகரத்தில் காய்ந்து, ஒரே சாக்கில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடமாக அதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார்.

முதல் வேலை எண்ணுவது. நோட்டு, பேனா, ஒரு கட்டு மூங்கில் குச்சி எடுத்துக்கொண்டு காலையில் ஏறினேன். முதல் எண்ணிக்கை 380. மறுநாள் மாமாவோடு போனபோது 431. மூன்றாம் நாள் ஒவ்வொரு செடிக்கும் குச்சி நட்டுக்கொண்டே போனதில் 412. அதையே வைத்துக்கொண்டேன். நடுவில் சேம்பும் மரவள்ளியும் இருப்பதால் வரிசை என்று சொல்லக்கூடிய வரிசை கிடையாது. இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று மாமா நட்டதாகச் சொல்வார், செடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

எது எந்த ரகம் என்பதுதான் பெரிய சிக்கல். மாமாவைக் கேட்டால் சிவப்பாகத் தெரிகிற தண்டெல்லாம் டாமு. அப்படி எண்ணியபோது டாமு தொண்ணூறைத் தாண்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தைதான், "மோமோவைக் கூப்பிடுங்க, நடக் கரணை கொடுத்ததே அவர்தானே" என்றார்.

மோமோ பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மோமோ என்றால் அவர்கள் மொழியில் தாய்மாமன். மாமா அவரைத் 'தவாலே' என்பார், அது மைத்துனன் முறை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் மோமோ, எனக்கும் அதே. அவர் வந்து முதலில் எதையும் தொடவில்லை. சரிவின் கீழே நின்று ஐந்து நிமிடம் சும்மா பார்த்தார். செடி எப்படி நிற்கிறது, கிளை அகல விரிகிறதா நேராக ஏறுகிறதா என்று பார்க்கிறாராம். அப்புறம் ஒவ்வொன்றாகப் போய், தண்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, கணுவிலிருந்து அடுத்த கணுவரை தடவிப் பார்த்தார். துணிக்கடையில் புடவை ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒரு செடிக்கு மூன்று விநாடிதான், பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் பின்னால் எழுதிக்கொண்டே ஓடினேன்.

பாதிச் செடி முடிந்தபோதுதான், பெயரிலேயே எல்லாம் இருப்பது எனக்கு உறைத்தது. வூலா என்றால் வெள்ளை, லோவா என்றால் கறுப்பு, காசா என்றால் தண்டு, பலாவு நீளம், லேக்கா குட்டை. ஆக, வூலா காசா பலாவு என்றால் வெளிறிய தண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி நீளம். லோவா காசா லேக்கா என்றால் கருத்த தண்டு, கணுக்கள் நெருக்கம். டாமு சிவப்பு. இத்தனை நாள் மந்திரம்போல் உச்சரித்துக்கொண்டிருந்த பெயர்கள் எல்லாமே சாதாரண அடையாளக் குறிப்புகள்! ஃபிஜியில் இப்படிப் பதின்மூன்று ரகங்களை அங்கீகரித்திருக்கிறார்கள். எங்கள் சரிவில் இருந்தவை ஐந்து: வூலா காசா பலாவு 190, லோவா காசா லேக்கா 96, டாமு 61, மட்டாகரோ 38, ங்கிலா 27.

தொண்ணூறு டாமு அறுபத்தொன்று ஆகிவிட்டது. மீதி, நிழலில் வளர்ந்து தண்டு நிறம் மாறிய லோவா காசா. மாமா முகம் கொஞ்சம் சுருங்கியது. "எனக்கு அதெல்லாம் டாமுதான்" என்று முணுமுணுத்தார்.

அறுபத்தொன்றும் குறைச்சல் இல்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றையும் எப்போது நட்டார் என்று கேட்க ஆரம்பித்தேன். கவாவில் இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும், எனக்குக் கடைசியாகத்தான் தோன்றியது. நட்டு மூன்று வருடமாவது ஆகாத வேர் சாரமில்லாதது. நாலு, ஐந்து வருடம் விட்டால் இன்னும் நல்லது. 2020 டிசம்பரில் யாசா புயல் வனுவா லேவுவைப் புரட்டிப்போட்டது. காற்று செடியை ஆட்டினால் வேர் மண்ணைவிட்டு அசையும். அதன்மேல் மழைத் தண்ணீர் நின்றால் அழுகல். அப்போது இருந்ததையெல்லாம், பாதி முற்றாததையும் சேர்த்து, மாமா அவசர அவசரமாகத் தோண்டி விற்றிருக்கிறார். ஆக, நிற்பவை எல்லாம் 2021-லிருந்து நட்டவை. டாமுவில் 2021-ல் நட்டது 22. 2022-ல் ஒன்றுகூட இல்லை.

"ஏன் மாமா?"

"அந்த வருஷம் வூலா காசா கரணை நிறைய கிடைச்சுது. அதையே நட்டேன்."

2023-ல் 39. அவ்வளவுதான். 2024-ல் தோண்டக்கூடியது 22. அதற்கடுத்த டாமு 2026-ல்தான். 2022-ல் ஒரு மழைக்கால மதியத்தில் கைக்கு எட்டிய கரணையை நட்டது, 2025-ல் சுவாவில் ஒரு கடை அலமாரியைக் காலியாக்கப் போகிறது என்று புரிந்தது. கவா விதை கட்டாது, மலட்டுச் செடி. தண்டைக் கணுவோடு வெட்டி நட்டால்தான் உண்டு. யாரிடம் எந்தக் கரணை கையில் இருந்ததோ அதுதான் அந்த வருடத்துப் பயிர். கணக்குப் புத்தகத்தில் 'சரக்கு இல்லை' என்று எழுதினால் அடுத்த வாரம் வாங்கிவிடலாம். இங்கே மூன்று வருடம் பின்னால் போய் நட்டுவிட்டு வர வேண்டும்.

சரி, 22 செடியில் என்ன வரும்? கைக்கணக்கு வேண்டாமென்று ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். மண்வெட்டியை அருகில் வைக்கக்கூடாது, வேர் அறுந்துவிடும். கடப்பாரையால் சுற்றிலும் மண்ணை இளக்கி, இரண்டு பேர் தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தோம். கழுவித் தராசில் போட்டதில் 11.4 கிலோ. இதில் இரண்டு பங்கு உண்டு. பக்கவாட்டில் ஓடுகிற வேருக்கு வாக்கா என்று பெயர், வீரியம் அதிகம், விலையும் அதிகம். நடுவில் இருக்கிற கிழங்கு போன்ற அடிக்கட்டை லேவேனா. எங்கள் செடியில் வாக்கா 4.1, லேவேனா 7.3. காய்ந்தபின் வாக்கா 900 கிராம், லேவேனா 1.4 கிலோ. ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது என்று ஊரில் சொல்வது அப்படியே பொருந்தியது.

செடிக்கு 2.3 கிலோ, 22 செடிக்கு ஐம்பது கிலோ. மூன்று மாதம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சாவகாசமாக, "நான் கேட்டது வாக்கா. லேவேனா எல்லாரிடமும் இருக்கு" என்றார்.

22 செடி, தலைக்கு 900 கிராம். மொத்தமே 19.8 கிலோ. அவர் கேட்ட கணக்கில் ஒரு மாதம் பத்து நாள் வரும். அன்று ராத்திரி மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று கிண்ணம் கிராக் தேவைப்பட்டது.

தோட்டத்தில் எதற்கும் அடையாளம் இல்லாமல் இனி ஒரு வேலையும் நடக்காது என்று ஆனது. முதலில் பிளாஸ்டிக் பட்டையில் அழியாத மை என்று விற்கிற பேனாவால் ரகமும் வருடமும் எழுதிக் கட்டினேன். ஜூலையில் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. இரண்டு மாத வெயில், மழையில் அழியாத மை அழிந்துவிட்டது. மூங்கில் குச்சிகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மோமோ கொடுத்த கிளைரிசிடியா போத்துகளை ஊன்றிய இடத்தில் வேறு கூத்து, போத்து எல்லாம் வேர்விட்டுத் தழைத்துச் செடிக்கு நிழல் கட்டியிருந்தது. கொடிக்காலுக்கு அகத்தி நட்டதுபோல ஆகிவிட்டது. அது நல்லதுதான், வெட்டாமல் விட்டோம்.

கடைசியில் கைகொடுத்தது காலி பீர் டப்பா. அலுமினியத் தகட்டைக் கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, அடியில் பழைய செய்தித்தாளை மெத்தைபோல் வைத்து, சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும். மை போனால் போகட்டும், விரலால் தடவியே படிக்கலாம். ஓரத்தை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும் (கிழித்தது). மீன்பிடி நரம்பில் கோத்து, தண்டில் இறுக்காமல் போத்தில் கட்டினேன். தண்டில் கட்டினால் செடி பருக்கப் பருக்க நரம்பு உள்ளே வெட்டும். ஒரு டப்பாவில் பதினாறு பட்டை வரும். 412-க்கு எத்தனை டப்பா என்று நான் கணக்குச் சொன்னதும், மைத்துனன்மார் உற்சாகமாக வேலையில் இறங்கினார்கள்.

அடுத்தது உலர்த்தி. தகரத்தில் பரப்பிக் காயவைத்தால் ஒரு மழைக்கு எல்லாம் ஓட்டமாக வாரி ஒரே குவியலாகப் போடுவார்கள், ரகம் கலப்பதே அங்கேதான். ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டரில் மரச்சட்டம் கட்டி, வெயில் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்தி, உள்ளே இரண்டு அடுக்காக நிழல்வலைத் தட்டுகள் வைத்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் கீழ்த்தட்டில் பச்சைப் பூஞ்சை! வேரிலிருந்து கிளம்பிய ஆவி போக வழியில்லாமல் தாளில் முத்துமுத்தாகக் கட்டி, ராத்திரியில் சொட்டுச் சொட்டாகக் கீழேயே விழுந்திருக்கிறது. ஆறு கிலோ லேவேனாவைக் குழியில் போட்டோம். நல்லவேளை, டாமு இல்லை.

சரிசெய்தது சுலபம்தான். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்துவிட்டு, பூச்சி வராமல் வலை அடித்தேன். அடியில் சுற்றிலும் ஒரு அடி தாளைத் தூக்கிவிட்டேன். சூடான காற்று மேலே போக, கீழிருந்து காற்று இழுத்துக்கொள்கிறது. லேவேனாவை விரல் பருமனுக்குப் பதில் அதில் பாதிக் கனத்தில் சீவினோம். வெயில் இருந்தால் நாலு நாள், மேகமூட்டம் என்றால் எட்டு. வாக்காவை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரமானி ஒன்றும் வாங்கினேன், பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் கட்டுவது. மாமா ஒடித்துப் பார்த்து "ஆச்சு" என்பார், நான் மானியைப் பார்த்து "பதினொன்றரை" என்பேன். பத்துக்கு ஒன்பது முறை இரண்டும் ஒத்துப்போயின. அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் மானி.

தட்டுக்குத் தட்டு ரகத்தைப் பிரிக்க வண்ணக் கயிறு கட்டினேன். டாமுவுக்குச் சிவப்பு, வூலாவுக்கு வெள்ளை, லோவாவுக்குக் கறுப்பு, மற்ற இரண்டுக்கும் நீலம், மஞ்சள். அருமையான ஏற்பாடு. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கதவைத் தாழ்போடாமல் விட்டுவிட்டார்கள். காற்று உள்ளே புகுந்து மேலடுக்கையே சாய்த்துவிட்டது. டாமு லேவேனாவும் ங்கிலா லேவேனாவும் தரையில் ஒன்றாகக் கிடந்தன. சிவப்புக் கயிறும் நீலக் கயிறும் தட்டில் பத்திரமாகவே இருந்தன! சீவிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மோமோவிடம் ஓடினேன். அவர் சிரித்தார். செடி நிற்கும்போது கேள், சொல்கிறேன். காய்ந்தபின் அது யங்கோனா, அவ்வளவுதான் என்றார். அந்தக் குவியலைக் 'கலப்பு' என்று எழுதி உள்ளூர்ச் சந்தையில் விற்றோம்.

அப்படியானால் பொடியாக வாங்குகிறவர் எதை நம்புவது? கடைக்காரருக்கும் இதே சந்தேகம். அவர் பயம் 'டூடே'. கவாவில் நோபிள் என்று ஒரு வகை, டூடே என்று இன்னொரு வகை. டூடேயைக் குடித்தால் கிறக்கமும் குமட்டலும் இரண்டாம் நாள்வரை போகாது. 'டூ டே' (இரண்டு நாள்) என்றே பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவில் பெயர் வைத்துவிட்டார்கள். வனுவாட்டு 2002-ல் போட்ட கவாச் சட்டத்திலேயே நோபிளைத் தனியாகப் பிரித்துவிட்டது. வேரில் இருந்து கிறக்கம் தருகிற வேதிப்பொருள்களுக்குக் கவாலாக்டோன் என்று பெயர். அதில் முக்கியமான ஆறுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, எது அதிகமோ அதை முன்னால் எழுதுவார்கள். 4 என்பது கவாயின். நோபிளில் பெரும்பாலும் 4 முன்னால் நிற்கும், டூடேயில் 2-ம் 5-ம் முன்னால் வந்துவிடும். அந்த வரிசையை அறிய ஆய்வகம் வேண்டும். ஆனால் நோபிளா டூடேயா என்று மட்டும் பார்க்க, அசிட்டோனில் பொடியைக் கரைத்து நிறம் பார்க்கிற வழி உண்டு. தெளிந்த மஞ்சளாக வந்தால் நோபிள், ஆரஞ்சுக்கோ செம்பழுப்புக்கோ போனால் டூடே.

இது நம்மால் முடியும் என்று தோன்றியது. பத்து கிராம் பொடிக்கு முப்பது மில்லி. சவுசவுவில் அசிட்டோன் உடனே கிடைக்கவில்லை, நகப்பூச்சு அழிக்கிற திரவம்தான் கிடைத்தது. பாட்டிலில் அசிட்டோன் என்று போட்டிருந்தது, போதாதா? டீ குடிக்கிற வெள்ளைத் தெர்மோகோல் கோப்பையில் ஊற்றினேன். அரை நிமிடத்தில் கோப்பையின் அடி கூழாகிப் பொடியோடு மேசையில் உட்கார்ந்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அடுத்ததாக ஜாம் பாட்டிலில், கண்ணாடியில், முறையாகச் செய்தேன். குலுக்கி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் நல்ல ஆரஞ்சு.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மோமோ கொடுத்த கரணை, இருபது வருடத் தோட்டம், அதில் டூடேயா? எனக்கும் வயிறு கலங்கியது. ஐந்து ரகத்தையும் செய்தேன், ஐந்தும் ஆரஞ்சு. அப்போதுதான் என் மனைவி அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுவே ரோஸ் கலராத்தானே இருக்கு?" என்று கேட்டாள். நகப்பூச்சுத் திரவத்தில் அழகுக்குச் சாயம் போட்டிருக்கிறார்கள். ரோஸும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு படித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை சுவாவிலிருந்து நிறமில்லாத சுத்த அசிட்டோன் வாங்கி வந்தேன். பக்கத்தில் வெறும் அசிட்டோன் ஒரு பாட்டிலும் ஒப்பிட வைத்தேன். அடுப்பு இல்லாத இடம், கதவு திறந்து. எளிதில் பற்றுகிற சரக்கு, இதில் விளையாட்டு வேண்டாம். ஐந்தும் எலுமிச்சை மஞ்சள். மாமா அந்த ஐந்து பாட்டிலையும் இரண்டு நாள் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று நினைவிருக்கட்டும். இந்தச் சோதனை நோபிளா இல்லையா என்பதைத்தான் சொல்லும், டாமுவா மட்டாகரோவா என்று சொல்லாது. ஐந்து பாட்டிலையும் இடம் மாற்றி வைத்தால் எனக்கே தெரியாது. அதற்குத் தோட்டத்துப் பட்டையும் தட்டுக் கயிறும்தான் சாட்சி.

நாக்கு சொல்லுமா? அதையும் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை இரவு டாமு, வூலா காசா, லோவா காசா மூன்றையும் ஒரே எடை, ஒரே அளவு தண்ணீர், தனித்தனி வாளி, தனித்தனித் துணி என்று பிசைந்து, வாளிக்கு அடியில் பெயர் எழுதி மறைத்துவைத்தேன். மாமா, மோமோ, மைத்துனன்மார், பக்கத்து வீட்டுக்காரர். தேங்காய் ஓட்டுக் கிண்ணம் சுற்றிவந்தது. இங்கே முழுக் கிண்ணத்துக்கு 'ஹைடைட்', அரைக் கிண்ணத்துக்கு 'லோடைட்'. கையைக் குவித்து ஒரு தட்டு, குடித்துமுடித்து மூன்று தட்டு. மாமா முதல் கிண்ணத்திலேயே "இது டாமு, சந்தேகமே இல்லை" என்றார். லோவா காசா. மூன்றில் இரண்டு தப்பு. மைத்துனன்மார் எல்லாம் தப்பு. எனக்கு மூன்றும் மண்ணைக் கரைத்த மிளகுத் தண்ணீர்தான், ஒன்று மட்டும் நாக்கைக் கொஞ்சம் சீக்கிரம் மரக்கவைத்தது. மோமோ பெயரே சொல்லவில்லை. இது குடிக்கவா, பரீட்சைக்கா என்று கேட்டுவிட்டு அடுத்த கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

ரகத்தைவிட வேரின் வயதும், காய்ந்த விதமும், அரைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும்தான் கிண்ணத்தில் அதிகம் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் காசு கொடுப்பவர் டாமு என்று கேட்டால் உள்ளே டாமு இருக்க வேண்டும். அதில் பேச்சில்லை.

செப்டம்பரில் ஓர் இழப்பு. ங்கிலா வரிசையில் சில செடிகளின் இலை தேமல் விழுந்து சுருங்கியது. பத்து நாளில் தண்டு உச்சியிலிருந்து கறுத்து, கூழாகி, கணுக்கணுவாகக் கீழே இறங்கியது. வெள்ளரித் தேமல் வைரஸ், அசுவினி பரப்புவது. கவா நடுகிற பசிபிக் தீவுகளிலெல்லாம் இதற்குப் பயம். அந்த வரிசையை ஒட்டி அத்தை பூசணிக்கொடி விட்டிருந்தார், பூசணிக் குடும்பத்துக்கும் அந்த வைரஸ் வரும். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அத்தையிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஒன்பது செடி போயிற்று. வேரோடு பிடுங்கி எரித்தோம். 27 ங்கிலா 18 ஆனது. அந்த வரிசையிலிருந்து இனி கரணை எடுப்பதில்லை. நோய் வெளியே தெரியாத செடியின் கரணையும் நோயைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இவ்வளவும் ஆனபிறகு உலர்த்திக் கதவில் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சாக்பீஸால் கட்டம் போட்டேன். ரகம், நட்ட வருடம், நிற்கிற செடி, எப்போது தோண்டலாம், வாக்கா எவ்வளவு வரும், லேவேனா எவ்வளவு வரும், யாருக்குச் சொல்லியிருக்கிறோம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். மாமா ஒரே டாமுவை மூன்று பேருக்குச் சொல்லியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வாக்குக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் மனதார, உண்மையாகத்தான் கொடுத்திருக்கிறார்.

கடைக்காரரிடம் நேராகச் சொல்லிவிட்டோம். நான்கு செடியைக் கரணைக்கு விட்டதுபோக, டாமு வாக்கா இந்த வருடம் மொத்தமே பதினாறு கிலோ. மழைக்காலம் வருவதற்குள் இரண்டு தவணையில் தருகிறோம். 2025-ல் டாமுவே கிடையாது. 2026 நடுவில் 39 செடி. மாதாமாதம் வேண்டுமென்றால் வூலா காசா பலாவு தரலாம், மாதம் எட்டுக் கிலோ வாக்கா தட்டாமல் வரும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இதுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை, எல்லாரும் உண்டு உண்டு என்று சொல்லி எதையோ அனுப்புவார்கள் என்றார். வூலா காசாவுக்கு ஒத்துக்கொண்டார். விலையில் கொஞ்சம் இழுத்தார், அது அவர் தொழில்.

டாமு 22-ஐயும் இப்போதே தோண்டுவதா என்று அதற்கு முன்பே வீட்டில் ஒரு விவாதம் ஓடியிருந்தது. மண்ணில் விட்டால் வேர் இன்னும் பருக்கும், வாடகையில்லாத கிடங்கு. ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை புயல் மாதங்கள். மாமாவுக்கு யாசா மறக்கவில்லை, 2016 பிப்ரவரியில் வந்த வின்ஸ்டனும் மறக்கவில்லை. அந்தப் புயலுக்குப் பிறகு நாடு முழுக்கக் கவா தட்டுப்பட்டு விலை எங்கேயோ ஏறியபோது, தன்னிடம் விற்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். 18-ஐத் தோண்டிவிட்டு நான்கை விட்டோம். அந்த நான்கு அடுத்த வருடக் கரணைக்காக. கேட்பவர்களுக்கு அது கதவுக் கணக்கிலேயே வராது.

தோண்டிய அன்றே தண்டுகளைக் கரணையாக்கினோம். இளந்தண்டும் வேண்டாம், அடிமுற்றலும் வேண்டாம். நடுத்தண்டில் இரண்டு கணு வருகிற மாதிரி, கணுவில் நசுங்காமல் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. மாமா இதை அரிவாளில் செய்வார், நான் கத்தி கொடுத்தால் திரும்ப அரிவாளுக்கே போவார். நிழல்வலைக்குக் கீழே நாற்றங்காலில் படுக்கவைத்து மண் போர்த்தினோம். டாமு மட்டும் 210 கரணை. மூன்று வாரத்தில் பச்சை முளை காட்டியது 160-க்குக் கொஞ்சம் மேல். மீதி அழுகியது, என் பாத்தியில்தான் அதிகம், தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். நவம்பர் கடைசியில் நூறைச் சரிவுக்கு ஏற்றினோம், அறுபதை மோமோவின் கிராமத்துக்குக் கொடுத்தோம்.

நான் இரவுக் கப்பலில் சுவா திரும்பிய மறுநாள் மாமாவிடமிருந்து போன். புதிதாக நட்ட நூற்றுக்கும் பட்டை போதவில்லையாம், நாற்பது கன்றுக்கு ஆண்டுக் குறிப்பே இல்லையாம். அடுத்த தடவை வரும்போது காலி டப்பா ஏழெட்டுக் கொண்டு வரச் சொன்னார். பின்னாலிருந்து மைத்துனனின் குரல், காலியாக வேண்டாம், நிரம்பியதாகவே கொண்டு வரட்டும் என்றது.